பிறர் விடும் புகையும் குழந்தைகளின் சுவாச நோய்களும்

மழைக்காலம் தொடங்கியதும், அரசு மருத்துவமனைகளின் குழந்தைகள் நலப் பிரிவுக்கு இருமலுடனும் இளைப்புடனும் வரும் குழந்தைகளின் எண்ணிக்கை கூடுகிறது. காரணம் என்னவென்று கேட்டால், குளிர்ந்த தண்ணீர், வாழைப்பழம், பனிக்காற்று, தலைக்குக் குளிப்பாட்டியது எனப் பெற்றோர் பலவற்றைக் கூறுவர். வீட்டில் பீடியோ சிகரெட்டோ புகைக்கும் ஒருவர் இருப்பதை, நாமாகக் கேட்டால் ஒழிய, பெரும்பாலும் எவரும் கூறுவதில்லை. ஆனால் அடிக்கடி சளி, இருமல், இளைப்பு எனத் துன்புறும் பல குழந்தைகளின் நோய்க்குப் பின்னால் இருப்பது அந்தப் புகையே.

புகைப்பவரைக் குற்றவாளியாக்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பிறர் விடும் புகை குழந்தையின் நுரையீரலை எவ்வாறு பாதிக்கிறது, எந்த அறிகுறிகளைக் கண்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், வீட்டைப் புகையற்றதாக மாற்றுவது எப்படி என்பவற்றைப் பெற்றோரும் பராமரிப்பாளர்களும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே நோக்கம்.

பிறர் விடும் புகை என்றால் என்ன?

ஒருவர் புகைக்கும்போது இரண்டு வகையான புகை காற்றில் கலக்கிறது. அவர் உள்ளிழுத்து வெளியே விடும் புகை ஒன்று. எரியும் பீடி அல்லது சிகரெட்டின் நுனியிலிருந்து நேரடியாக வெளிவரும் புகை மற்றொன்று. அறையில் சேரும் புகையின் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. குறைந்த வெப்பத்தில், முழுமையாக எரியாமல் உண்டாவதால் இதில் பல நச்சுப் பொருள்களின் அளவு கூடுதலாக இருக்கிறது. இவ்விரண்டும் கலந்த காற்றைப் புகைக்காதவர் சுவாசிப்பதையே மறைமுகப் புகைத்தல் என்கிறோம்.

புகையிலைப் புகையில் 7000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 பொருள்கள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. நிகோடின், கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா, ஃபார்மால்டிஹைடு, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் ஆகியவை இவற்றுள் சில. பீடி சிறியது, இலையில் சுற்றப்பட்டது, ஆகவே தீங்கு குறைந்தது எனப் பலர் எண்ணுகின்றனர். இது தவறு. பீடிப் புகையிலும் நிகோடின், தார், கார்பன் மோனாக்சைடு ஆகிய அனைத்தும் மிகுதியாக உள்ளன.

இது ஒரு சில குடும்பங்களின் பிரச்சினையன்று. இந்தியாவில் 2016-17-ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட தேசிய அளவிலான புகையிலைப் பயன்பாட்டு ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்டோரில் 38.7 விழுக்காட்டினர் தம் வீட்டிலேயே பிறர் விடும் புகைக்கு ஆளாகின்றனர். பெரியவர்கள் சுவாசிக்கும் அதே காற்றைத்தான் அவ்வீடுகளில் உள்ள குழந்தைகளும் சுவாசிக்கின்றனர்.

குழந்தைகள் கூடுதலாகப் பாதிக்கப்படுவது ஏன்?

முதலாவது காரணம், சுவாசத்தின் வேகம். பெரியவர் ஒருவர் ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். பச்சிளங்குழந்தை 30 முதல் 60 முறை மூச்சு விடுகிறது. ஆகவே ஒரே அறையில் இருந்தாலும், உடல் எடையுடன் ஒப்பிடும்போது குழந்தையின் நுரையீரலுக்குள் செல்லும் நச்சுப்புகை அதிகம்.

இரண்டாவது காரணம், மூச்சுக்குழாயின் அளவு. குழந்தையின் மூச்சுக்குழாய்கள் மிகவும் குறுகியவை. புகையினால் அவற்றின் உட்சுவர் வீங்கிச் சளி சேரும்போது, சிறிதளவு வீக்கமே பெரும் தடையாகிறது. ஒரு குழாயின் விட்டம் பாதியாகக் குறைந்தால், அதன் வழியே காற்று செல்வதற்கான தடை ஏறத்தாழ 16 மடங்காக உயர்கிறது. பெரியவருக்குத் தொண்டைக் கரகரப்புடன் நின்றுவிடும் பாதிப்பு, குழந்தைக்கு மூச்சுத்திணறலாக மாறுவது இதனால்தான்.

மூன்றாவது காரணம், வளர்ச்சி. நுரையீரலின் நுண்காற்றுப்பைகளில் பெரும்பாலானவை பிறந்த பின்னரே உருவாகின்றன. அவ்வளர்ச்சிக் காலத்தில் தொடர்ந்து புகைக்கு ஆளாகும் குழந்தையின் நுரையீரல், தன் முழுத் திறனை எட்டாமல் போகக்கூடும்.

நான்காவது காரணம், பாதுகாப்பு அமைப்பு பழுதடைதல். மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள நுண்ணிய மயிரிழைகள் இடைவிடாமல் அசைந்து தூசியையும் கிருமிகளையும் சளியுடன் மேலே தள்ளுகின்றன. புகை இந்த அசைவை மந்தமாக்குகிறது. வெளியேற வேண்டிய கிருமிகள் உள்ளேயே தங்கி நோயை உண்டாக்குகின்றன.

இவை அனைத்துக்கும் மேலாக ஒன்று உண்டு. புகை பிடிக்காத பெரியவர் விரும்பினால் எழுந்து வெளியே செல்லலாம். தொட்டிலில் கிடக்கும் குழந்தையால் அது இயலாது.

புகையினால் குழந்தைகளுக்கு உண்டாகும் பாதிப்புகள்

கருவில் இருக்கும்போது: கர்ப்பிணி புகைக்காவிட்டாலும், கணவரோ மற்றவரோ விடும் புகையை அவர் சுவாசித்தால் அதில் உள்ள நச்சுப் பொருள்கள் அவரது இரத்தத்தின் வழியாகக் கருவைச் சென்றடைகின்றன. குழந்தை குறைந்த எடையுடன் பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது.

பச்சிளம் பருவத்தில்: நலமாக இருந்த குழந்தை உறக்கத்திலேயே உயிரிழக்கும் திடீர் சிசு மரணத்துக்குப் புகை ஒரு முக்கியக் காரணியாகும். புகைக்கும் பழக்கம் உள்ளவர் பச்சிளங்குழந்தையுடன் ஒரே படுக்கையில் உறங்கக் கூடாது. குழந்தையை எப்போதும் மல்லாந்த நிலையில் படுக்க வைக்க வேண்டும்.

நிமோனியாவும் நுண்மூச்சுக்குழல் அழற்சியும்: புகை உள்ள வீடுகளில் வளரும் குழந்தைகளுக்கு இவ்விரு தொற்றுகளும் அதிகமாக ஏற்படுகின்றன. மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலையும் கூடுதலாக உண்டாகிறது. பிறந்த முதல் இரண்டு ஆண்டுகளில் இந்த ஆபத்து மிகுதி.

இளைப்பும் ஆஸ்துமாவும்: ஆஸ்துமா உள்ள குழந்தைக்குப் புகை ஒரு தூண்டுகோல். இளைப்பு அடிக்கடி வரும், கடுமையாகும், மருந்தின் தேவை கூடும். ஆஸ்துமா இல்லாத குழந்தைக்கும் அது புதிதாகத் தோன்றக்கூடும்.

காது நோய்: மூக்கின் பின்பகுதியையும் நடுச்செவியையும் இணைக்கும் சிறு குழாய் புகையினால் வீங்கி அடைபடுகிறது. நடுச்செவியில் நீர் கோத்துச் சீழ் பிடிக்கிறது. இது மீண்டும் மீண்டும் நிகழ்ந்தால் கேட்கும் திறன் குறைந்து, பேச்சு வளர்ச்சியும் படிப்பும் பாதிக்கப்படலாம்.

‘நான் வெளியில்தான் புகைக்கிறேன்’

புறநோயாளிப் பிரிவில் நான் கண்ட ஒரு நிகழ்வை இங்குக் குறிப்பிடுவது பொருத்தமாக இருக்கும். ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று நான்கு மாதங்களில் மூன்று முறை இளைப்புடன் கொண்டுவரப்பட்டது. ஒவ்வொரு முறையும் நெபுலைசர் மூலம் மருந்து அளித்ததும் தேறியது. முதல் இரண்டு முறையும் வீட்டில் புகைப்பவர் உண்டா என நான் கேட்கவில்லை. அது என் பிழை. மூன்றாம் முறை கேட்டபோது, வீட்டுக்குள் எவரும் புகைப்பதில்லை, மாமனார் திண்ணையில்தான் பீடி பிடிப்பார் என்று தாய் கூறினார். தொட்டில் எங்கே கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். திண்ணையை ஒட்டிய சன்னலுக்கு அருகில், காற்று வருவதற்காக அங்கே கட்டியிருந்தனர்.

அடுத்த முறை அப்பெரியவரையும் உடன் அழைத்து வருமாறு கூறினேன். அவர் வந்தார். பேரக்குழந்தையின் சட்டையை விலக்கி, கடிகாரத்தைப் பார்த்தபடி, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் அவரையே எண்ணச் சொன்னேன். எண்ணி முடித்தவர் சற்று நேரம் எதுவும் பேசவில்லை. அன்றே அவர் பீடியை விட்டுவிடவில்லை. ஆனால் திண்ணையை விட்டுத் தெருமுனைக்குச் சென்றார். சில மாதங்களுக்குப் பிறகு புகையிலை நிறுத்த ஆலோசனைக்கும் வந்தார். குழந்தைக்கு அதன் பின்னர் இளைப்பு வருவது குறைந்தது. முற்றிலும் நின்றுவிட்டது என்று கூற மாட்டேன்; மழைக்காலத்தில் ஒரு முறை வந்தது.

இந்நிகழ்வு காட்டுவது போல, ‘வெளியில்’ என்று நாம் நினைக்கும் இடம் பல வீடுகளில் உண்மையில் வெளியிடமாக இருப்பதில்லை. இது குறித்து நிலவும் வேறு சில தவறான எண்ணங்களையும் காண்போம்.

சன்னலைத் திறந்து வைத்தால் போதும், மின்விசிறியைச் சுழலவிட்டால் போதும்: போதாது. மின்விசிறி புகையை அறை முழுவதும் பரப்புமேயன்றி அகற்றாது. புகை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்த பின்னும் நுண்துகள்கள் சில மணி நேரம் வரை காற்றில் தங்கியிருக்கும். பிறர் விடும் புகையில் ஆபத்தற்ற அளவு என்று ஒன்று இல்லை என்பதை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவரின் 2006-ஆம் ஆண்டு அறிக்கை தெளிவாக நிறுவியுள்ளது.

குளியலறையில் அல்லது வேறு அறையில் புகைக்கிறேன்: கதவிடுக்குகள் வழியாகப் புகை வீடு முழுவதும் பரவும்.

குழந்தை வீட்டில் இல்லாதபோது புகைக்கிறேன்: புகையின் எச்சங்கள் சுவர், திரைச்சீலை, படுக்கை, துணி, தரை ஆகியவற்றில் படிந்து பல நாள்கள் தங்குகின்றன. தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் குழந்தையின் உடலுக்குள் அவை செல்கின்றன. வீட்டுக்கு வெளியில் மட்டும் புகைப்பவர்களின் குழந்தைகளுடைய சிறுநீரிலும், நிகோடின் சிதைவதால் உண்டாகும் கோட்டினின் என்னும் பொருள், புகைப்பவரே இல்லாத வீட்டுக் குழந்தைகளைவிடக் கூடுதலாகக் கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே வெளியில் சென்று புகைப்பது பாதிப்பைக் குறைக்குமே தவிர முழுமையாக நீக்காது.

வீட்டில் உண்டாகும் பிற புகைகள்

புகையிலைப் புகையுடன் வேறு புகைகளும் சேரும்போது குழந்தையின் நுரையீரலுக்குச் சுமை கூடுகிறது.

விறகடுப்பு: விறகு, வறட்டி போன்றவற்றை எரிப்பதால் வீட்டினுள் சேரும் புகை, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியா வரும் வாய்ப்பை ஏறத்தாழ இரு மடங்காக்குகிறது என உலக சுகாதார நிறுவனம் தெரிவிக்கிறது. இயன்றவரை எரிவாயு அடுப்பைப் பயன்படுத்துங்கள். விறகடுப்பைத் தவிர்க்க இயலாவிட்டால், சமைக்கும்போது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சாம்பிராணி: குளிப்பாட்டிய பின் குழந்தையின் தலைமுடியைச் சாம்பிராணிப் புகையில் உலர்த்தும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அன்பினால் செய்யப்படும் இச்செயல் மூச்சுக்குழாயைப் பாதிக்கக்கூடியது. மென்மையான பருத்தித் துணியால் துவட்டினாலே போதுமானது.

கொசுவர்த்திச் சுருள்: மூடிய அறையில் இரவு முழுவதும் எரியும் சுருள் பெருமளவு நுண்துகள்களை வெளியிடுகிறது. கொசுவலையே குழந்தைக்குப் பாதுகாப்பானது.

எப்போது உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்?

இருமலோ சளியோ உள்ள குழந்தையின் மூச்சை எண்ணப் பழகிக்கொள்ளுங்கள். குழந்தை அழாமல் அமைதியாகவோ உறக்கத்திலோ இருக்கும்போது, சட்டையை விலக்கி, நெஞ்சு அல்லது வயிறு ஏறி இறங்குவதை முழுமையாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கீழ்க்கண்ட எண்ணிக்கையை எட்டினாலோ கடந்தாலோ அது வேக மூச்சு. அது நிமோனியாவின் அறிகுறியாக இருக்கலாம்.

• 2 மாதத்துக்குட்பட்ட குழந்தை: நிமிடத்துக்கு 60
• 2 மாதம் முதல் 12 மாதத்துக்குள்: நிமிடத்துக்கு 50
• 1 வயது முதல் 5 வயதுக்குள்: நிமிடத்துக்கு 40

வேக மூச்சு இருந்தால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். பின்வரும் அபாய அறிகுறிகளுள் ஏதேனும் ஒன்று இருந்தாலும் சிறிதும் தாமதிக்கலாகாது. 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

• மூச்சை உள்ளிழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குதல்
• தாய்ப்பால் குடிக்கவோ நீர் அருந்தவோ இயலாமை
• உண்ட அனைத்தையும் வாந்தி எடுத்தல்
• உதடு, நாக்கு நீலம் பாரித்தல்
• வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்க நிலை
• அமைதியாக இருக்கும்போதும் மூச்சில் கரகரவென்ற ஒலி கேட்டல்

இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வேக மூச்சு மட்டும் இருந்தாலே அதையும் அபாய அறிகுறியாகக் கருத வேண்டும். கைவைத்தியம் செய்து காத்திருக்க வேண்டாம். மருந்துக் கடையில் நீங்களாகவே இருமல் மருந்து வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

வீட்டைப் புகையற்றதாக்குவது எப்படி?

1. குடும்பத்தில் அனைவருக்கும் பொருந்தும் ஒரே விதியை வகுத்துக்கொள்ளுங்கள்: வீட்டுக்குள்ளும், திண்ணையிலும், மாடிப்படியிலும், வாகனத்துக்குள்ளும் எவரும் புகைக்கக் கூடாது. விருந்தினருக்கும் இது பொருந்தும்.
2. தீப்பெட்டி, சாம்பல் கிண்ணம் போன்றவற்றைக் கூடத்திலிருந்து அகற்றிவிடுங்கள்.
3. வெளியில் புகைத்துவிட்டு வருபவர் கை, வாய் கழுவி, மேல்சட்டையை மாற்றிய பின்னரே குழந்தையைத் தூக்க வேண்டும்.
4. குழந்தையைக் கடைக்கு அனுப்பிப் பீடி, சிகரெட் வாங்கி வரச் சொல்லாதீர்கள். 18 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலைப் பொருள் விற்பது சட்டப்படி குற்றமாகும். பெரியவர்களைப் பார்த்தே சிறுவர்கள் இப்பழக்கத்தைக் கற்கின்றனர்.
5. தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள். 6, 10, 14 வாரங்களில் அளிக்கப்படும் பென்டாவேலன்ட் தடுப்பூசியும், 6 வாரம், 14 வாரம், 9 மாதம் ஆகிய வேளைகளில் அளிக்கப்படும் நியூமோகாக்கல் தடுப்பூசியும் நிமோனியாவின் முக்கியக் காரணங்களிலிருந்து பாதுகாக்கின்றன. இவை அரசு மருத்துவமனைகளில் இலவசம்.
6. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள்.

வீட்டு மருமகள் மாமனாரிடமோ கணவரிடமோ ‘இங்கே புகைக்காதீர்கள்’ என்று கூறுவது எளிதன்று என்பதை நாங்கள் அறிவோம். அச்சுமையை நீங்கள் மட்டும் சுமக்க வேண்டியதில்லை. அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது புகைப்பவரையும் உடன் அழைத்து வாருங்கள். அல்லது உங்கள் பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கூறுங்கள். ‘டாக்டர் சொன்னார்’ என்று கூறுவதிலும் தவறில்லை. பழக்கத்தைக் குறைகூறாமல் குழந்தையின் மூச்சைப் பற்றிப் பேசுங்கள். பேரப்பிள்ளைக்காக மனம் மாறியவர்கள் பலர்.

புகைப்பவருக்கு

நீங்கள் இக்கட்டுரையைப் படிக்கிறீர்கள் எனில், உங்கள் குழந்தையின் நலனில் அக்கறை உள்ளவர் என்பதே பொருள். புகைப்பழக்கம் மன உறுதி சார்ந்தது மட்டுமன்று. நிகோடின் கடுமையாக அடிமைப்படுத்தும் ஒரு பொருள். அதற்குச் சிகிச்சை உண்டு.

நிறுத்துவதற்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். குடும்பத்தாரிடம் அதைத் தெரிவியுங்கள். முதல் சில நாள்களில் எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி, பசி ஆகியவை தோன்றலாம். முதல் வாரமே மிகக் கடினமானது. சில வாரங்களில் இவை தணியும். புகைக்கும் உந்துதல் எழும்போது அது சில நிமிடங்களில் அடங்கிவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அந்த நிமிடங்களைத் தள்ளிப்போடுங்கள், தண்ணீர் அருந்துங்கள், ஆழமாக மூச்சு விடுங்கள், வேறு வேலையில் ஈடுபடுங்கள். நிகோடின் சூயிங்கம் போன்றவற்றையும் மாத்திரைகளையும் மருத்துவரின் ஆலோசனைப்படி பயன்படுத்தலாம். மீண்டும் ஒரு முறை புகைத்துவிட்டால் தோற்றுவிட்டதாகக் கருத வேண்டாம். பலர் இரண்டு, மூன்று முயற்சிகளுக்குப் பிறகே முழுமையாக விடுகின்றனர். ஆனால் அந்த இடைக்காலத்திலும் வீட்டுக்குள் புகைப்பதில்லை என்ற விதியை மட்டும் தளர்த்தாதீர்கள்.

தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்: 1800-11-2356 (கட்டணமில்லை). உங்கள் மாவட்டத்தில் உள்ள அரசு மருத்துவமனையின் புகையிலை நிறுத்த மையம் குறித்து அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம்.

பொது இடங்களில்

2003-ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டத்தின்படி, மருத்துவமனை, பள்ளி, பேருந்து, பேருந்து நிலையம், உணவகம், திரையரங்கு உள்ளிட்ட பொது இடங்களில் புகைப்பது தடை செய்யப்பட்டுள்ளது. மீறுவோருக்கு 200 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். கல்வி நிறுவனங்களைச் சுற்றி 100 கஜ தூரத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பதும் குற்றம்.

இத்தகைய சட்டங்கள் குழந்தைகளுக்குப் பயன் தருகின்றனவா? ஸ்காட்லாந்தில் 2006-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பொது இடங்களில் புகைப்பது தடை செய்யப்பட்டது. அதற்கு முன் ஆண்டுக்கு 5.2 விழுக்காடு என்ற அளவில் கூடிவந்த, ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை, தடைக்குப் பின் ஆண்டுக்கு 18.2 விழுக்காடு என்ற அளவில் குறையத் தொடங்கியது. காற்று தூய்மையானால் குழந்தைகளின் மூச்சு சீராகும் என்பதற்கு இது சான்று. ஆனால் சட்டம் உங்கள் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. அதற்கு உட்பட்ட காற்று குடும்பத்தாரின் பொறுப்பு.

மருத்துவரிடம் கூற வேண்டியவை

குழந்தையை இருமலுக்கோ இளைப்புக்கோ கொண்டுவரும்போது, மருத்துவர் கேட்காவிட்டாலும் பின்வருவனவற்றைக் கூறுங்கள்: வீட்டில் புகைப்பவர் யார், எங்கே புகைக்கிறார், குழந்தை உறங்கும் இடம் எது, பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் யார், அடுப்பு எத்தகையது, கொசுவர்த்தி ஏற்றுகிறீர்களா. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் பரிந்துரைக்கப்பட்டிருந்தால் அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். வீட்டில் புகை தொடரும் வரை, எவ்வளவு சிறந்த மருந்தும் முழுப் பயனைத் தராது.

இன்று செய்யக்கூடிய ஒன்று உண்டு. குழந்தை உறங்கும் இடத்தில் சற்று நேரம் அமர்ந்து, அங்கு எந்தப் பக்கத்திலிருந்து காற்று வருகிறது, அக்காற்றில் என்ன கலந்து வருகிறது என்று பாருங்கள். தொட்டிலை இடம் மாற்ற வேண்டுமா, புகைப்பவர் இடம் மாற வேண்டுமா என்பது அப்போது உங்களுக்கே புலப்படும்.